வெள்ளிவிழா விருந்தில் ஏகோன் சாப்பிட்ட இனிப்பு

எஸ்பியர் துறைமுகத்தில் ஏகோன் ராவ்னைத் தெரியாதவர்கள் கிடையாது. அவன் பேச்சில் ஏமாறாதவர்களும் கிடையாது. அவனைப் பெரிய உத்தமன் என்று சொல்ல முடியாது. குடித்துத் திரிந்த காலத்தில் அவன் அவிழ்த்துவிட்ட பொய்களை மூட்டை கட்டினால், அவன் ஓட்டிய கிரேனே அதைத் தூக்கத் திணறியிருக்கும். ஆனால் அவன் சத்தியமாக உண்மை சொன்ன ஒரு நாள் இருந்தது. பாழாய்ப்போன ஊர், அந்த ஒரு நாளைத்தான் நம்ப மறுத்தது.

ஏகோனின் அப்பாவும் மொடாக்குடியர்தான். அவர் காலத்தில் எல்லாம் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. குடித்துவிட்டுத் தெருவில் விழுந்தால் போலீஸ் தூக்கிப்போகும், பாதிரியார் வாய்க்கு வந்தபடி திட்டுவார், முற்றிப்போனால் நகராட்சி விடுதியில் அடைத்துக் கல்லுடைக்க விடுவார்கள். வெளியே வந்து மன்னிப்புக் கேட்டால் அத்தோடு தீர்ந்தது. ஏகோன் தலையெடுத்தபோது அரசாங்கத்துக்கு இரக்கம் வந்துவிட்டது. குடி பாவமில்லை, குற்றமில்லை, நோய் என்றார்கள். நோயாளிக்கு மருத்துவம் இலவசம், பேருந்துச் செலவுகூட நகராட்சியே கொடுக்கும். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!

மருந்து ஒரு வெள்ளை மாத்திரை. அதை விழுங்கியவன் ஒரு வாய் மது உள்ளே விட்டால் போதும். முகம் செக்கச்செவேல் என்றாகி, நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, செத்துப் பிழைக்க வேண்டும். டாக்டர் ஹோல்ஸ்ட் அந்தப் புட்டியை ஏகோன் கையில் கொடுக்கவில்லை. அவன் மனைவி ஆஸ்டாவின் கையில் கொடுத்தார். தினமும் காலையில் அவள் அதைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பாள். அவன் குடித்துவிட்டு வாயைத் திறந்து காட்டுவான். மாத்திரை உள்ளே போனதாக டாக்டர் சொல்லும்வரைதான் துறைமுகத்தில் அவனுக்குக் கிரேன். ஏகோனுக்கு அந்தக் கிரேன் என்றால் உயிர். அத்தனை உயரத்தில் உட்கார்ந்து கப்பலிலிருந்து மரக்கட்டைகளை இறக்கும்போது மட்டும்தான் யாரும் அவன் வாயை மோந்து பார்ப்பதில்லை.

கடலை வற்றவைத்து நிலமாக்குவதற்கும் குடிகாரனின் குடியை நிறுத்துவதற்கும் அந்த நாட்டில் ஒரே சொல்தான். துறைமுகத்துக்காரர்கள் சும்மா விடுவார்களா?

"என்னடா ஏகோன், தண்ணி சுத்தமா வத்திடுச்சா? இனிமே உன் மேல உருளைக்கெழங்கு போடலாமா?"

"போடு. மொதல்ல உன்னைத்தான் அடியில பொதைப்பேன்" என்பான் ஏகோன். அவனும் சிரிப்பான். அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் ஒரு சொட்டு தொடவில்லை.

ஐம்பத்தேழாம் வருடம் மே மாதம் அவர்களுடைய கல்யாணத்துக்கு வெள்ளிவிழா வந்தது. வழக்கப்படி அக்கம்பக்கத்தார் முந்தின நாளே வாசலில் பச்சைத் தழையால் வளைவு கட்டிவிட்டார்கள். விடியும்போது எல்லோரும் கொம்பு ஊதி, பாட்டுப் பாடித் தம்பதியை எழுப்பினார்கள். எழுந்து வந்த வீட்டுக்காரன் ஆளுக்கொரு சின்னக் கோப்பையில் கசப்பு மது ஊற்றிக் கொடுத்து, தானும் குடிக்க வேண்டும். ஏகோன் எல்லோருக்கும் ஊற்றினான். தனக்கு மட்டும் காபி.

"பொண்டாட்டி ஊத்திக் குடுத்தாத்தான் குடிப்பியோ?" என்று பக்கத்து வீட்டுக்காரன் கேட்டான்.

"ஆமா. அவ தெனமும் ஊத்திக் குடுக்கறாளே, உனக்கு வயித்தெரிச்சல்" என்றான் ஏகோன். வாசலே சிரித்தது. ஆஸ்டா அவன் முழங்கையை யாருக்கும் தெரியாமல் ஒரு அழுத்து அழுத்தினாள்.

மதியம் ஊர்க்கூடத்தில் விருந்து. கடைசியாக இனிப்பு வந்தது. பாதாம் பிஸ்கட்டை ஊறவைத்து, மேலே ஜாமும் கஸ்டர்டும் அடித்த பாலேடும் அடுக்கியது. செய்தவள் ஆஸ்டாவின் அக்கா எல்னா. அந்த ஊர் வீடுகளில் இதற்குப் பிஸ்கட்டை ஷெர்ரி ஒயினில்தான் ஊறவைப்பார்கள். ஆனால் எல்னா யார்? மதுவிலக்குச் சங்கத்தின் மகளிர் பிரிவுத் தலைவி, மார்பில் நீல நாடா குத்தாமல் கடைக்குக்கூடப் போகாதவள். அவள் கைப்பட்ட பண்டத்தில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? ஏகோன் இரண்டாவது தட்டும் வாங்கிச் சாப்பிட்டான்.

சாப்பிட்டு முடிப்பதற்குள் காது சூடேறியது. முகம் தக்காளியாயிற்று. எழுந்தவன் நாற்காலியோடு சரிந்தான். கூடத்தில் பேச்சு நின்றது. மாத்திரை விஷயம் தெரியாதவர் அங்கே ஒருவரும் இல்லை. "கோட்டு மாட்டுற எடத்துல எவனோ பாட்டில் ஒளிச்சு வச்சிருக்கான்" என்று யாரோ சொன்னது, தரையில் மூச்சுக்குத் தவித்துக் கிடந்த ஏகோனுக்கே கேட்டது.

மறுநாள் டாக்டர் ஹோல்ஸ்ட் அன்பாகவே பேசினார். அந்த அன்பைத்தான் ஏகோனால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை.

"டாக்டர், நான் குடிக்கல. அந்த இனிப்புல ஏதோ இருந்திருக்கு."

"உங்க மைத்துனிகிட்டக் கேட்டாச்சு. ஆப்பிள் ஜூஸ்தான் ஊத்தினாங்களாம்."

"அவ பொய் சொல்றா!"

"எனக்கு உங்க மேல கோபமே இல்ல, ராவ்ன். குடிக்கலேன்னு சாதிக்கறதும் இந்த நோயோட அறிகுறிதான்."

"அப்ப குடிச்சேன்னு சொன்னா?"

"அது குணமாகறதுக்கு மொதப் படி. நீங்க ஒத்துக்கிட்டா, இலையுதிர் காலத்துல கிரேனுக்குத் திரும்பலாம். நானே சிபாரிசு பண்றேன்."

அப்பாவைத் திட்டிய பாதிரியார் எவ்வளவோ தேவலை. அவரிடம் சண்டையாவது போடலாம். இவரிடம் சண்டை போட்டால் அதுவும் நோயின் கணக்கில் சேரும்.

ஏகோன் சைக்கிளை மிதித்துக்கொண்டு எல்னா வீட்டுக்குப் போனான். அவள் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"எல்னா, அந்தப் பிஸ்கட்டை எதுல ஊறவச்ச?"

"ஆப்பிள் ஜூஸ்ல."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

"உன் மூஞ்சியத்தான் ஊரே பாத்துச்சே! நான் வேற பாக்கணுமா?"

கதவு சாத்திக்கொண்டது. சமையலில் ஊற்றுகிற ஷெர்ரியை அந்த ஊரில் யாரும் மது என்று நினைப்பதில்லை. எல்னாவும் நினைத்திருக்க மாட்டாள். ஏகோன் விழுந்த பிறகுதான் அவளுக்கு உறைத்திருக்கும். அதற்குப் பிறகு ஒத்துக்கொண்டால் நீல நாடா என்னாவது?

வீட்டில் ஆஸ்டா அழாத குறையாகக் கெஞ்சினாள். "குடிச்சேன்னு சும்மா சொல்லித் தொலையேன், ஏகோன். ஒரு வார்த்தைதானே. கிரேன் கெடைச்சிடுமே."

"மாட்டேன். குடிச்ச நாள் எல்லாம் குடிக்கலேன்னு சொன்னேன், நம்புனீங்க. குடிக்காத ஒரு நாளு குடிச்சேன்னு சொல்லவா?"

அவன் சொல்லவில்லை. கிரேன் போயிற்று. கையில் துடைப்பத்தைக் கொடுத்து மீன் ஏலக் கொட்டகையைக் கழுவ விட்டார்கள். மேலே வேறொருவன் உட்கார்ந்து இயக்க, கீழே இவன் மீன் செதிலைக் கூட்டினான். வாய்த்த இடத்தில் எல்லாம், நான் அன்றைக்குக் குடிக்கவில்லை என்று ஆரம்பிப்பான். "சரிப்பா, சரி" என்பார்கள். அந்த 'சரி'யைக் கேட்டால் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். பென்ஷன் வாங்கும்வரை ஆஸ்டா மாத்திரை கரைத்துக் கொடுத்தாள். அவனும் குடித்து வாயைத் திறந்து காட்டினான். எல்னா நீல நாடாவோடே புதைக்கப்பட்டாள். டாக்டரும் போய்ச் சேர்ந்தார்.

எண்பத்து நாலில் ஓர்ஹுஸ் பல்கலைக்கழகத்திலிருந்து லிஸ்பெத் என்ற இளம்பெண் வந்தாள். மக்கள் நல அரசு எப்படிக் குடியை நோயாக்கியது என்பதன் வரலாற்றை எழுதுகிறாளாம். இந்தக் காலத்து வழக்கப்படி கிழவனையும் 'நீ' என்றே பேசினாள். டாக்டர் 'நீங்க' போட்டுப் பேசி என்ன கிழித்தார்? ஏகோனுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. மேசைமேல் டேப் ரிக்கார்டர் சுற்ற, வெள்ளிவிழா முதல் துடைப்பம்வரை ஒன்றுவிடாமல் கொட்டினான்.

லிஸ்பெத்தின் கண் கலங்கியது. "அருமையான சாட்சி, ஏகோன். ஒரு மனுஷனோட வாய்ப்பேச்சையே நோய்க்குறியா மாத்திட்டாங்க பாரு, என் ஆராய்ச்சியே அதைப் பத்தித்தான்."

"அப்ப நான் குடிக்கலேன்னு நீ நம்புற?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "நீ குடிச்சியா இல்லையாங்கறது என் ஆராய்ச்சிக்கு முக்கியமே இல்ல."

"எனக்கு அது ஒண்ணுதாம்மா முக்கியம்!" ஏகோன் மேசையில் அறைந்த அறையில் காபி தளும்பியது. "அவங்களுக்கு நான் நோயாளி, உனக்கு நான் சாட்சி. குடிச்சானா, குடிக்கலையா? இதைக் கேக்க இந்த நாட்டுல ஒரு ஆள் இல்லையா?"

காபிக் கெண்டியோடு நின்றிருந்த ஆஸ்டா மெதுவாகச் சொன்னாள்: "ஏகோன் குடிக்கல."

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"அன்னைக்கு ராத்திரி பாத்திரம் கழுவுனது நான். எல்னா கிண்ணத்தை மோந்து பாத்தேன். ஷெர்ரி. மறுநாளே டாக்டர்கிட்டப் போய்ச் சொன்னேன். அவருக்கும் தெரியும்."

லிஸ்பெத் கேட்டாள்: "அப்புறம் ஏன் யாருமே சொல்லல?"

"அவர் சொன்னார், 'அந்தாள் பேச்சை ஒரு தடவை நம்பிட்டீங்கன்னா அப்புறம் எல்லாத்தையும் நம்பச் சொல்லுவான், சிகிச்சை கெட்டுடும். உங்க வேலை மாத்திரை குடுக்கறது. நம்பறது இல்ல'ன்னு." ஆஸ்டா கெண்டியை இன்னும் கீழே வைக்கவில்லை. "நான் பயந்துட்டேன். அதுக்கப்புறம் நீயும் ஒரு சொட்டுத் தொடல. மருந்து வேலை செய்யுதுன்னு நெனச்சேன்."

லிஸ்பெத் ரிக்கார்டரை நிறுத்தக் கையை நீட்டினாள்.

"நிறுத்தாத" என்றான் ஏகோன். ஆஸ்டாவின் முகத்தைப் பார்க்காமல், "பக்கத்துல வந்து சொல்லு. அதுல ஏறட்டும்" என்றான்.

ஆஸ்டா குனிந்து, நீதிபதி முன்னால் பேசுகிறவளைப் போலச் சொன்னாள்: "என் புருஷன் ஏகோன் ராவ்ன் எங்க வெள்ளிவிழா அன்னைக்குக் குடிக்கல. எனக்கு அன்னைக்கே தெரியும்."

டாக்டரைச் சுற்றி, எல்னாவைச் சுற்றி, நகராட்சியையும் துறைமுகத்தையும் சுற்றிக்கொண்டிருந்த அவன் ஆத்திரம் கடைசியில் சொந்த அடுப்படிக்கே வந்து சேர்ந்தது. இவளை எப்படித் திட்டுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"காபி ஆறிடுச்சே, வேற ஊத்தட்டுமா?" என்றாள் ஆஸ்டா.

"வேண்டாம்" என்றான் ஏகோன். கல்யாணமான நாளிலிருந்து அவள் கையால் கொடுத்த எதையும் அவன் வேண்டாம் என்று சொன்னதில்லை, அந்த மாத்திரையைக்கூட.