டாலருக்கு வைத்த தயிர்சாதம்

போன ஞாயிற்றுக்கிழமை மித்ரா போனைத் தூக்கிக்கொண்டு வந்து, "அப்பா, இது மாதிரி ஒண்ணு வாங்கித் தாங்கப்பா, எத்தனை புசுபுசுன்னு இருக்குது பாருங்க" என்று ஒரு பூனைக்குட்டிப் படத்தைக் காட்டினாளே, அப்போது நான் கத்தியது கொஞ்சம் அதிகம்தான். "அப்பாவுக்குப் பூனைன்னாலே ஆகாது" என்று தம்பியிடம் சொல்லி அழுதாயாமே, மித்ரா. எனக்கு ஆகாதது பூனை இல்லை கண்ணு. நீங்கள் இரண்டு பேரும் படிக்கத்தான் இதை எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து, முன்னே பின்னே இருக்கும். கோபமும் இருக்கும். இத்தனை வருஷமாகியும் அது ஆறவில்லை.

பீரோவின் அடித்தட்டில் ஒரு இரும்புச் சீப்பு கிடக்கிறதே, "இதுல யாருப்பா தலை சீவுவாங்க" என்று கேட்பீர்களே, அது டாலருடைய சீப்பு.

உங்கள் அம்மாவைக் கட்டுவதற்கு முன்னால் நான் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வீட்டில் கார் ஓட்டினேன். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்தவர்கள். வெளிநாட்டில் படித்த மகன் லீவுக்கு வந்தபோது ஒரு பூனையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, இரண்டே வாரத்தில் திரும்ப விமானம் ஏறிவிட்டான். பனியன் ஏற்றுமதிக்காரர் வீட்டுப் பூனை, அதனால் பேர் டாலர். துருக்கி தேசத்தில் வான் என்று ஒரு பெரிய ஏரி இருக்கிறதாம், அந்தப் பக்கத்து இனம். எங்கேயும் சுலபத்தில் கிடைக்காதாம். உடம்பெல்லாம் வெள்ளை. தலையில் இரண்டு திட்டும் வாலும் மட்டும் செங்கல் நிறம். முடி ரொம்ப நீளமும் இல்லை, குட்டையும் இல்லை. கழுத்திலும் வாலிலும் மட்டும் குஞ்சம் மாதிரி தொங்கும்.

பூனைக்குத் தண்ணீர் ஆகாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இதுவோ, காலையில் கார் கழுவக் குழாயைத் திறந்தால் போதும், மாடியிலிருந்து ஓடிவரும். வாளிக்குள் காலை விட்டுக் குழப்பும், தலையைக் குழாய்க்கு நேரே நீட்டும், அப்புறம் என் பேண்டில் வந்து உதறும். "ஏனுங்கண்ணா, சம்பளமில்லாத கிளீனர் கெடச்சுட்டான் போங்க" என்று சமையல்கார அக்கா சிரிக்கும். தூக்கினால் டாலருக்குப் பிடிக்காது. மடியில் உட்காராது. ஆனால் நான் எங்கே போனாலும் இரண்டடி பின்னால் வரும். நான் கண்டுகொள்ளாவிட்டால் கார் சாவியைத் தட்டிக் கீழே தள்ளும்.

வீட்டில் யாருக்கும் நேரமில்லாததால் அதைப் பார்த்துக்கொள்வது என் வேலையாயிற்று. ஊசி போடக் கூட்டிக்கொண்டு போனபோது டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தார்: வாரம் இரண்டு தடவை சீவ வேண்டும், முடி கொட்டுகிற வெயில் காலத்தில் தினமும். காதுக்குப் பின்னாலும் அக்குளிலும்தான் சிக்கு விழும், அங்கே இழுக்கக் கூடாது, விரலால் பிரித்து விட வேண்டும். வெயில் என்று மொட்டையடிக்கக் கூடாது. "முக்கியமா ஒண்ணுங்க, பூனைக்குக் கறிதான் சோறு. அது இல்லாம அது உசுரோட இருக்காது" என்றார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

வீட்டுக்கார அம்மாவுக்கு டாலர் மேல் பாசம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தப் பாசம்தான் வினை. ஒரு சனிக்கிழமை நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, "சூட்டுக்குத்தானுங்க முடி கொட்டுது. தலைக்கு வெச்சு ஊத்திப்போட்டா சரியாப் போயிரும், புடிங்க" என்றார். நான் பிடித்தேன். "சரிங்க" என்று சொல்லிப் பிடித்தேன். எண்ணெய், அதன்மேல் சீயக்காய். கண் சிவந்து, உடம்பிலிருந்த எண்ணெயையெல்லாம் நக்கி நக்கி, இரண்டு நாள் வயிற்றால் போனது. நம் வீட்டில் சீயக்காய் வாசனை வந்தால் நான் எழுந்து வெளியே போவது ஏன் என்று இப்போது தெரிகிறதா?

அப்புறம் புரட்டாசி வந்தது. அந்த வீட்டில் அந்த மாசம் முட்டை கூட வாசலைத் தாண்டாது. முதல் நாளே டாலரின் தட்டில் தயிர்சாதம்.

"அம்மா, பூனைக்குக் கறி இல்லாம ஆகாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க" என்றேன்.

"ஊடே விரதம் இருக்குது, அது மட்டும் கவுச்சி திங்குமா? ஒரு மாசந்தானுங்க. பசிச்சா தானா திங்கும்."

"சரிங்க."

உக்கடத்தில் மத்தி மீன் வாங்கிக் காருக்குள் ஒளித்துவைத்து ஒருநாள் ஊட்டினேன். மறுநாள் கார் கதவைத் திறந்ததும் அம்மாவுக்கு மீன் வாசனை அடித்துவிட்டது. "பெருமாள் கோயிலுக்குப் போற காருங்க இது! உங்களுக்கே நல்லாருக்குதுங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். எனக்கு மானம் போய்விட்டது. மானத்தைப் பார்த்தேன், பூனையைப் பார்க்கவில்லை. மீனை நிறுத்திவிட்டேன்.

டாலர் தயிரை ஒரு நக்கு நக்கிவிட்டு நகர்ந்துவிடும். அப்புறம் அதுவும் இல்லை. குழாயைத் திறந்தேன், பூனை ஓடிவரவில்லை. சீவினால் முடி கொத்துக் கொத்தாக வந்தது. சனிக்கிழமை எல்லாரையும் காரமடைக் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்து பார்த்தால், அதன் காதின் உள்பக்கம் மஞ்சளாக இருந்தது. யாரையும் கேட்காமல் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினேன். தூக்கினால் பிடிக்காத பூனை, பேசாமல் கையில் கிடந்தது.

"எத்தனை நாளாச் சாப்பிடலைங்க?"

"ஒம்பது நாளுங்க."

டாக்டரம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு மூணு நாள் பட்டினி கெடந்தாலே பூனைக்கு ஈரல் கெட ஆரம்பிச்சுரும். இந்த ஒம்பது நாளும் நீங்க அந்த ஊட்டுலதான இருந்தீங்க?"

டாலர் மறுநாள் மத்தியானம் செத்துப்போனது.

"ஃபாரின் பூனைக்கு நம்மூரு தண்ணி ஒத்துக்கலை" என்று வீட்டுக்கார அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஊரே பெருமைப்படுகிற சிறுவாணித் தண்ணீர் மேல் பழி! பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. வேலையை உதறினேன் என்று நினைக்காதீர்கள். அதற்கப்புறமும் இரண்டு வருஷம் அதே காரை ஓட்டினேன். அந்த அம்மா மேல் இருக்கிற கோபத்தைப்போல் நாலு மடங்கு என் மேல்தான்.

அந்த வீடு இப்போது இல்லை. இடித்துவிட்டு ஜவுளிக்கடை கட்டியிருக்கிறார்கள். குழாய் இருந்த இடத்தில் வண்டி நிறுத்துகிறார்கள். போன தீபாவளிக்கு உங்களுக்குத் துணி எடுத்தது அங்கேதான்.

நம் வீட்டிலும் புரட்டாசி உண்டு. அந்த மாசமும் பூனைக்கு மீன் வேக ஒரு சட்டி தனியாக வைக்க உங்கள் அம்மா ஒத்துக்கொள்ளட்டும், சீவுகிற வேலையை மித்ரா ஏற்றுக்கொள்ளட்டும். அப்போது பேசலாம். அதுவரைக்கும் என்னிடம் படம் காட்டாதீர்கள்.

அந்தச் சீப்பில் ஒரு முடியாவது இருக்கிறதா என்று நேற்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எப்படி இருக்கும்? டாலரைப் புதைத்துவிட்டு வந்த அன்றைக்கே அந்த வீட்டுக்கார அம்மா சொன்னார், "சீப்பைக் கழுவி வெச்சுருங்க, அடுத்த பூனைக்கு ஆகும்."

"சரிங்க" என்று சொல்லி, அந்தக் குழாயடியிலேயே, ஒரு முடி விடாமல் கழுவிப்போட்டேன். கேட்காமல் வீட்டுக்கு எடுத்துவந்தது அதற்கப்புறம்தான்.