வனஜாவின் இடது பிடி

ஆவடியில் எங்கள் தொழிற்சாலைக் குடியிருப்பின் மனமகிழ் மன்றக் கூடத்தில் வனஜா முதன்முதலாகக் கீழே விழுந்தது 1985 ஏப்ரல் 2, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து ஐம்பதுக்கு. அன்று பதினோரு முறை விழுந்தார். எல்லாம் வேண்டுமென்றே விழுந்தவை. ஜூடோவில் முதல் பாடம் அதுதான். அடுத்தவரை வீழ்த்துமுன் தான் விழப் பழக வேண்டும். தரையைத் தொடும் கணத்தில் உள்ளங்கையால் ஓங்கி அறைந்தால் அடி முதுகுக்குப் போகாமல் கையோடு நின்றுவிடும். முதல் நான்கு மாதங்களில் அவர் விழுந்தது 1,262 முறை. மன்றத்தின் பதிவேட்டை எழுதியவன் நான், எண் சரியானது.

வனஜா செய்யாற்றுப் பக்கத்திலிருந்து வந்தவர். கூடாரம் தைக்கும் பிரிவில் வேலை. அப்போது வயது இருபத்தொன்பது, இரண்டு பெண் பிள்ளைகள். கணவர் லட்சுமணன் அதே தொழிற்சாலையில் பண்டகசாலை எழுத்தர். வனஜா ஜூடோ கற்க வரவில்லை. ஆண்கள் பழகிய பன்னிரண்டு தேங்காய்நார் மெத்தைகளுக்கும் தனித்தனியாகக் கித்தான் உறை தைக்க வேண்டியிருந்தது. அதற்கு அளவெடுக்க வந்தார்.

அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் பார்த்துவிட்டு, பயிற்சியை நடத்திய பிட்டர் உத்தமனிடம் கேட்டார்.

"இவ்ளோ பெரிய ஆம்பளைங்க எதுக்கு சும்மா சும்மா விழறீங்க?"

"இது வேற மாரி வித்தைம்மா," என்றார் உத்தமன். பட்டாளத்தில் மூன்று மாதம் ஜூடோ பழகியவர். "எதிராளி தள்ளுனா நீ எதிர்த்துத் தள்ளக் கூடாது. உட்டுக் குடுக்கணும். அவன் வேகத்துலயே அவன் போய் உழுவான். உட்டுக்குடுத்து ஜெயிக்கறது, அதான் சூட்சுமம்."

"விட்டுக்குடுக்கறது எனக்கு நல்லாத் தெரியும். ஜெயிக்கறதைத்தான் யாரும் சொல்லித் தரல."

உத்தமன் சிரித்துவிட்டார். அந்த மாதமே பெண்களுக்கென்று செவ்வாயும் வெள்ளியும் மாலை ஐந்தரை முதல் ஆறரை வரை ஒதுக்கப்பட்டது. ஐந்து பேர் சேர்ந்தார்கள். பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வந்துபோன ஜரினா அவர்களில் இளையவர். வனஜாவுக்குப் பயிற்சி ஜோடி அவர்தான்.

உத்தமன் பட்டாளத்தில் சாதாரண உடையில் பழகிய மூன்று மாதப் பாடம், பெரும்பாலும் விழுவதுதான், சீக்கிரமே தீர்ந்துபோயிருந்தது. அதற்கு மேல் எங்களுக்கு ஆசிரியர் ஒரு புத்தகம். ஜப்பானியரிடம் ஜுஜிட்சுவும் அதிலிருந்து பிறந்த ஜூடோவும் கற்ற ஓர் ஆங்கிலேயர் எழுதி, லண்டனில் அச்சானது. பட்டணத்து நூலகம் ஒன்றில் கிடைத்தது. இரண்டு வாரத்தில் திருப்பித் தர வேண்டும் என்பதால், படம்வரை பிரிவில் வேலை பார்த்த நான் அதன் படங்களை இருபத்து மூன்று டிரேசிங் தாள்களில் மையால் பிரதி எடுத்து, மன்றக் குழுவின் அனுமதியோடு 1985 மார்ச் 9 அன்று அம்மோனியா பிரிண்ட் இயந்திரத்தில் நகல் போட்டேன். தமிழ் விளக்கங்களைப் பிரிண்டின் மேல் கையால் எழுதிச் சுவரில் ஒட்டினோம். இருபத்து மூன்றாம் தாள் வனஜாவுக்கு மிகவும் பிடித்தது. நீளப் பாவாடை உடுத்திய ஒரு பெண், ஒரு போலீஸ்காரரை இடுப்பின் மேல் தூக்கி வீசும் படம். லண்டனில் ஓட்டுரிமை கேட்டுப் போராடிய பெண்கள், தங்களை இழுத்துப்போக வந்த போலீஸிடமிருந்து தப்ப ஜுஜிட்சு கற்றார்கள் என்று புத்தகம் சொன்னது.

"பார்றி, பாவாடையோட தூக்கியிருக்கா," என்று ஜரினாவிடம் காட்டுவார். "நம்ம பேண்ட் போட்டுக்கிட்டு முடியலைன்னா அசிங்கம்."

இரண்டரை ஆண்டுகள் அப்படியே போயின. 1987 நவம்பரில் மன்றக் குழு ஒரு தீர்மானம் போட்டது. பெண்களில் ஒருவராவது 1988 ஜூன் முடிவதற்குள் ஜூடோவின் நடுப்படியான பச்சை பெல்ட் சான்றிதழ் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் அவர்களுடைய நேரம் டேபிள் டென்னிஸுக்குப் போகும்.

தேர்வு 1988 பிப்ரவரி 14 அன்று அம்பத்தூரில், ஒரு பள்ளிக்கூடக் கொட்டகையில் நடந்தது. எங்களிலிருந்து ஆண்கள் நால்வர், பெண்கள் ஐவர். தேர்வாளர் பட்டணத்திலிருந்து வந்த கஜபதி, கறுப்பு பெல்ட். எங்கள் ஒன்பது பேரும் வரிசையில் நின்றதும் ஒவ்வொருவர் மார்பையும் பார்த்துக்கொண்டே போனவர், வரிசையின் கடைசியில் வாய்விட்டுச் சிரித்தார்.

"சட்டையை யாரு இப்படி மடிக்கச் சொன்னது? இடது பக்கம் மேல வரணும். ஜப்பான்ல வலது பக்கத்தை மேல மடிக்கிறது செத்தவங்களுக்குத்தான். ஒன்பது பொணம் வந்து நிக்குது!"

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. ஒன்பது சட்டைகளையும் தைத்தவர் வனஜா.

"பொணம் தானே சார்," என்றார். "பயப்படாம மோதிப் பாருங்க."

கஜபதி மோதவில்லை. வீச்சுகளைச் செய்து காட்டச் சொன்னார். ஒன்பது பேரும் இடது கையால் காலரைப் பிடித்து, வலது கையால் சட்டைக் கையை இழுத்து, இடது இடுப்பின் மேல் தூக்கி வீசினார்கள். உலகம் செய்வதற்கு நேர் எதிர். கஜபதி பாதியிலேயே நிறுத்தினார். ஒன்பது பேரும் தோல்வி. "எல்லாத்தையும் வலது பக்கம் மாத்திக்கிட்டு ஜூன்ல வாங்க."

பிப்ரவரி 16 அன்று விடுப்பு எடுத்து நூலகத்துக்குப் போனேன். புத்தகத்தையும் என் பிரிண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இருபத்து மூன்றும் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடவலம் மாறியிருந்தன. மை ஒட்டிக்கொள்ளாமலிருக்கத் தாள்களைக் கவிழ்த்து அடுக்கியிருந்தேன். ஒளி ஊடுருவும் தாள், கவிழ்த்தபடியே இயந்திரத்தில் போயிருக்கிறது. அலுவலகப் படமென்றால் கீழ் மூலையில் பெயர்ப்பெட்டி இருக்கும். கவிழ்ந்தால் எழுத்து இடவலம் மாறி உடனே தெரியும். இது சொந்த வேலை என்று பெட்டி போடாமல் விட்டேன். முப்பத்தோராண்டுப் பணியில் என் கையால் நேர்ந்து, பதிவேட்டில் ஏறிய பிழை இது ஒன்றுதான்.

அன்று மாலையே கூடத்துக்குப் போய் எல்லோரிடமும் சொன்னேன். ஆண்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். உத்தமன், "போனது போவட்டும் சார், நாலு மாசம் கீது, மாத்திக்கலாம்" என்றார். வனஜா மட்டும் சுவரில் இருந்த தாள்களைப் பார்த்தபடி நின்றார்.

"நீங்க செஞ்ச தப்பை நான் எதுக்கு சார் திருத்தணும்?"

"தேர்வுக்கு..."

"தப்பு உங்களுது. கை என்னுது."

கோபத்தில் சொன்னது என்றுதான் நினைத்தேன். மறுவாரம் வேலையாக அவர் பிரிவுக்குப் போனபோது புரிந்தது. கூடாரக் கித்தான் ஈரத்துணி மூட்டைபோல் கனமானது. தைக்கும்போது அதன் மொத்தமும் ஊசிக்கு இடப்புறம் கிடக்கும். இடது கை அதைத் தூக்கித் தூக்கிக் கொடுக்க, வலது கை பிடித்து இழுத்து ஊசிக்கு நேராக்கும். பதினோரு ஆண்டுகள், நாளைக்கு எட்டு மணி நேரம் அதே வேலை. என் பிழை போய்ப் பொருந்தியிருந்தது அந்தக் கைகளில்.

சட்டை மடிப்பை அவர் அன்றே மாற்றிக்கொண்டார். "அது துணி. எப்படி மடிச்சாலும் துணிதான்." பிடியை மாற்றவில்லை. மற்ற மூன்று பெண்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஜரினா வலது பக்கம் மாற்றப் பார்த்து, இரண்டு பக்கமும் வராமல் தடுமாறினார். ஆகவே பெண்களின் நேரம் முழுவதும் வனஜா ஒருவரையே நம்பி இருந்தது.

"ஒரே ஒரு நாளு வலது கையால செஞ்சு காட்டிட்டு வாம்மா," என்று உத்தமன் கெஞ்சினார். "காகிதம் கைக்கு வந்தப்பறம் உன் இஷ்டம். இன்னா கொறஞ்சிடப்போவுது?"

"ஒரு நாளுதானேன்னு கேட்டுக் கேட்டுத்தான் அண்ணே எல்லாமே போவுது."

ஜூன் 12, ஞாயிறு. அதே கொட்டகை, அதே கஜபதி. நூலகப் புத்தகத்தை நான் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொரு வீச்சையும் இருபுறமும் பழக வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அவர் கையால்கூடத் தொடவில்லை. "லண்டன் புத்தகம் லண்டன்ல செல்லும்."

வனஜாவின் முறை வந்தது.

"இடுப்பு வீச்சு. வலது பக்கம்."

"இடது பக்கம் காட்டறேன் சார்."

"வலது பக்கம் வரலைன்னா வரலைன்னு சொல்லு."

"வரல. இதுதான் வரும். செல்லுமா செல்லாதான்னு ஆளை விட்டுப் பாருங்க."

கஜபதி தன் மாணவி சுசீலாவைக் கூப்பிட்டார். இருபத்திரண்டு வயது, பச்சைக்கு மேல்படியான பழுப்பு பெல்ட், வனஜாவைவிட ஆறு கிலோ அதிகம். மூன்று நிமிடப் போட்டி. நேரம் பார்த்தது நான்.

சுசீலா வழக்கமான பிடிக்குக் கை நீட்டினார். அங்கே ஏற்கெனவே வனஜாவின் கை குறுக்கே இருந்தது. பிடியை மாற்றினார், அப்போதும் இடித்தது. எரிச்சலில் முழு பலத்தோடு முன்னால் தள்ளினார். வனஜா எதிர்க்கவில்லை. அரை அடி பின்வாங்கி, வலது கையால் இழுத்து, இடது கையால் தூக்கினார். கித்தானைத் தூக்கிப் போடுகிற அதே அசைவு. சுசீலா முழு முதுகும் படும்படி விழுந்தார்; அதோடு போட்டி முடிந்தது. நாற்பத்தொரு நொடி.

"குருட்டு அதிர்ஷ்டம்," என்றார் கஜபதி. "இன்னொரு தடவை."

இரண்டாவது முறை ஒரு நிமிடம் பன்னிரண்டு நொடி. அதே பக்கம், அதே வீச்சு. மூன்றாவது முறை சுசீலா புரிந்துகொண்டுவிட்டார். வனஜாவைத் தரைக்கு இழுத்து, முழங்கையை மடக்கிப் பூட்டு போட்டார். வனஜா உடனே இரண்டு முறை பாயைத் தட்டினார். அதுதான் வழக்கம்: தட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாகப் பொருள், பிடித்தவர் அக்கணமே விட்டுவிட வேண்டும். சுசீலா விட்டுவிட்டு, எழக் கை கொடுத்தார்.

"யக்கா, எந்த ஊர்ல கத்துக்கினீங்க இதை? ஒண்ணுமே பிரியல எனக்கு."

"கூடாரம் தைக்கிற இடத்துல," என்றார் வனஜா.

கஜபதி பேனாவைத் திறந்தார். பிறகு சான்றிதழை எழுதி நீட்டினார். பச்சை பெல்ட், தேர்ச்சி. அடியில் சிவப்பு மையில் ஒரு வரி: 'இடது பக்கம் மட்டும்.' ஜரினா ஓடிவந்து வனஜாவைக் கட்டிக்கொண்டார். வனஜா படித்துவிட்டு, தாளை மேசையின் மேல் திரும்ப வைத்தார்.

"சார், மத்தவங்க சர்டிபிகேட்ல 'வலது பக்கம் மட்டும்'னு எழுதியிருக்கீங்களா?"

கஜபதி பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"எழுதியிருந்தா இதை வாங்கிக்கறேன். இல்லன்னா இது எனக்கு வேணாம்."

"திமிரா? அப்போ ஒண்ணும் கிடையாது, போ."

திரும்பி வந்து ஆவடியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஜரினா வெடித்தார். "ஒரு வரிக்கா! செவப்பு மையில ஒரே ஒரு வரி! அதை யாரு பாக்கப் போறா? இப்ப நம்ம நேரம் போச்சு."

"நான் பாப்பேன் ஜரினா. தெனமும் பாப்பேன்."

வீட்டில் என்ன சொன்னீர்கள் என்று பின்னாளில் லட்சுமணனிடம் கேட்டேன். "ஒண்ணும் சொல்லல சார். சொன்னா கேக்கவா போறா? ஒரு டீ போட்டுக் குடுத்தேன்," என்றார்.

தீர்மானம் தீர்மானம்தான். ஜூலை 1, வெள்ளிக்கிழமை ஐந்தரை மணிக்குக் கூடத்தில் டேபிள் டென்னிஸ் மேசை கிடந்தது. உறை போட்ட மெத்தைகளைச் சுவரோரம் சாத்தி வைத்திருந்தார்கள். வனஜா ஒரு மெத்தையின் முனையைப் பிடித்து வெளியே இழுத்தார். கூடத்துக் காவலாளி துலுக்கானம் ஓடிவந்தார்.

"எம்மா, எம்மா! இன்னா பண்றே? கமிட்டிக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"உறை நான் தைச்சது அண்ணாத்தே. கூடத்தை நீங்க வெச்சுக்கங்க."

கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற ஜரினா, மறுமுனையைப் பிடித்தார். கூடத்துக்கு வெளியே, பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலுள்ள மைதானத்தில் பன்னிரண்டு மெத்தைகளையும் போட்டார்கள். ஷிப்ட் விட்டுப் போகிற அத்தனை பேரும் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். "தோ பார்றா, பொம்பளைங்க குஸ்தி!" என்று ஒருவன் கத்தினான். "வா மாமே, ஜோடி கொறையுது," என்று ஜரினா பதில் குரல் கொடுத்தார். அவன் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனான். அப்படி ஏழு பயிற்சிகள் வெளியில் நடந்தன. இருவராகத் தொடங்கியது, நான்காவது நாள் ஐவர், ஏழாவது நாள் எட்டுப் பேர். நின்றுபோன மூவரும் திரும்பியிருந்தார்கள்.

ஜூலை 23, சனிக்கிழமை, தேர்வு முடிந்த நாற்பத்தோராம் நாள், வனஜாவுக்குப் பதிவுத் தபால் வந்தது. புதுச் சான்றிதழ். பச்சை பெல்ட், தேர்ச்சி. அடியில் ஒன்றும் இல்லை. கூடவே கடிதமும் இல்லை. கஜபதி ஏன் மனம் மாறினார் என்பது எனக்குத் தெரியாது. தெரியாததை நான் எழுதுவதில்லை. குழுவின் கெடு ஜூனோடு முடிந்துவிட்டது என்று செயலாளர் சொல்லிப் பார்த்தார். வனஜா சான்றிதழில் இருந்த தேதியைக் காட்டினார். ஜூன் 12.

ஜூலை 26 அன்று மேசை வெளியேறியது. அதற்கு முன்பே இருபத்து மூன்று தாள்களையும் சரியான பக்கத்தில் புதிதாக வரைந்து வைத்திருந்தேன். இந்த முறை ஒவ்வொன்றின் மூலையிலும் பெயர்ப்பெட்டி போட்டேன். பழைய பிரிண்டுகளைக் கிழிக்கக் கை வைத்ததும் வனஜா தடுத்தார்.

"அது இருக்கட்டும் சார். பக்கத்துல ஒட்டுங்க."

ஒட்டினேன். 1997இல் வனஜா பழுப்பு பெல்ட்டோடு போட்டிகளிலிருந்து விலகிய பின்னும் இரண்டு வரிசையும் சுவரில் இருந்தன. அன்று, ஜூலை 26இல், புதிதாகச் சேர வந்த பஞ்சவர்ணம் என்ற பெண் இரண்டு வரிசையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "யக்கா, இதுல எது சரி?" என்று கேட்டார்.

"மொதல்ல விழு," என்றார் வனஜா. "பக்கம் அப்புறம் பாத்துக்கலாம்."

அன்று வந்தவர்கள் ஒன்பது பேர். விழுந்தது இருநூற்றுப் பதினான்கு முறை.