அம்பயர் அன்ரியும் பிளேஓஃப் ஆட்டங்களும்

அம்பயர் வேலையில் யாருக்குச் சாதகமாகச் சொன்னோமோ அவர்கள் அன்றைக்கே நம்மை மறந்துவிடுவார்கள். யாருக்குப் பாதகமாகச் சொன்னோமோ அவர்கள் நம் மூக்குக்கண்ணாடியின் நிறத்தைக்கூட மறக்கமாட்டார்கள். பள்ளிக்கூட ஓட்டப்போட்டியில் முடிவுக்கோட்டுக் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து நின்றவர்கள், கலியாண வீட்டில் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு சம்பந்திகளுக்கு நடுவில் உட்கார வைக்கப்பட்டவர்கள், இரண்டு மருமக்களில் யாருடைய கறி நல்லது என்று கேட்கப்பட்டவர்கள் எல்லோரும் என் இனம். உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. சும்மா என்னோடு சேர்ந்து பெருமூச்சு விடுங்கள்.

நான் மேற்கு லண்டனில், வயது வந்தவர்கள் பொழுதுபோக்காக விளையாடும் பேஸ்போல் லீக் ஒன்றில் அம்பயர். வயது வந்தவர்கள் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான்.

விதிப்புத்தகம்

கணவர் இறந்துபோன வருடம் வீட்டை விட்டு வெளியே வரவே மனமில்லாமல் இருந்தேன். நடக்கச் சொன்னார் டொக்டர். பக்கத்து வீட்டு ஜெறோம், மன்னார்ப் பிள்ளை, விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர், "வாங்கோ அன்ரி, கிறவுண்டைச் சுத்தி நடக்கலாம்" என்று ஒரு ஞாயிறு காரில் ஏற்றிக்கொண்டு போனார். போகும் வழியில் காலடியில் ஒரு விதிப்புத்தகம் கிடந்தது. இலக்கியம் படித்தவளுக்கு அச்சடித்த தாள் கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. படித்தேன். நல்ல உரைநடை. எதுவும் எதற்கும் உவமையாக வராத புத்தகம். துக்கத்தில் இருப்பவர்களுக்கு அதைத்தான் கொடுக்கவேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அன்றைக்கு இரண்டாவது அம்பயர் வரவில்லை. பெரிய அம்பயர் பிரையன், சிரிக்காமலே பகிடி விடுகிற வெள்ளைக்காரக் கிழவர், விதி தெரிந்தவர் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார். ஒருவரும் கை தூக்கவில்லை. இருபத்திரண்டு பேர் விளையாட வந்த இடத்தில் ஒருவருக்கும் விதி தெரியவில்லை. நான் கை தூக்கினேன். என் கறுப்பு மேலங்கியையும் முகத்தையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பிரையன் சொன்னார்: "இங்கே யாரும் உங்களைப் பார்த்து இரக்கப்பட மாட்டார்கள், மிசிஸ் செல்வம். உங்களுக்கு நல்ல மாற்றமாக இருக்கும்."

ரன் வேண்டாம்

தெரியாதவர்களுக்கு ஒரு வரியில் சொல்கிறேன். பந்தை அடித்தால் மட்டையைப் போட்டுவிட்டு முதலாம் பேஸ் என்ற வெள்ளைத் திண்டுக்கு ஓடவேண்டும், பிறகு இரண்டு, மூன்று என்று சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு ஓட்டம். இந்த ஒரு வரியை ஜெறோமின் அணிக்கு விளங்கவைக்க ஒரு கோடைகாலம் போனது. பாதிப்பேர் எங்கள் ஊர் ஆட்கள், மீதிப்பேர் தமிழ்நாட்டிலிருந்து வந்த கம்ப்யூட்டர் பிள்ளைகள். எல்லோருக்கும் கிரிக்கெட் எலும்பு வரைக்கும் ஊறியிருந்தது. மட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடுவார்கள். பேஸுக்குப் பக்கத்தில் வந்ததும் மட்டையை நீட்டித் தரையைத் தொடுவார்கள். பந்தைத் தலைக்குப் பின்னால் தட்டிவிட்டு நாலு ஓட்டம் என்று கையை உயர்த்துவார்கள். அது வெறும் ஃபவுல், கணக்கில் வராத அடி.

அவர்களில் கார்த்திக் ஒரு தனி ரகம். கோயம்புத்தூர்ப் பிள்ளை, வங்கி ஒன்றில் கணினி வேலை. ஒருமுறை நேராகத் தடுப்பாளர் கைக்கே பந்து உருண்டு போகும்படி அடித்துவிட்டு, அசையாமல் நின்று, உள்ளங்கையைக் காட்டி "நோ! நோ!" என்று கத்தினார், எதிர்முனையில் இல்லாத ஒரு கூட்டாளியைப் பார்த்து. பந்து முதலாம் பேஸுக்கு ஆறி அமர்ந்து போய்ச் சேர்ந்தது. ஆளுக்கு முன்னே பந்து போனால் அடித்தவர் அவுட். அவுட் என்றேன். கார்த்திக் மிகுந்த வருத்தத்தோடு என்னிடம் வந்தார்: "ஆன்ட்டி, ரன் வேணாம்னு சொல்ற உரிமைகூடவா இந்த நாட்டுல ஒரு மனுஷனுக்கு இல்ல?"

ஞாயிற்றுக்கிழமை யாருக்கு

இப்படிப்பட்ட அணி இந்த வருடம் பிளேஓஃபுக்குள் வந்துவிட்டது. முதல் நாலு இடத்துக்குள் வந்தவர்கள் மோதுவார்கள், தோற்றவர் அன்றோடு வீடு. மற்றவர்களுக்கு அது ஒரு கிண்ணம். ஜெறோமுக்கு அது அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள்.

அவருடைய மனைவி திலானிதான் பங்குக் கோயிலில் பாடகர் குழுவை நடத்துகிறவர். தமிழ்ப் பூசை ஞாயிறு பின்னேரம், ஆட்டமும் ஞாயிறு பின்னேரம். குழுவில் கனத்த ஆண்குரல் என்றால் ஜெறோமுடையது ஒன்றுதான், அது கோடை முழுக்க மைதானத்தில் கத்திக்கொண்டிருந்தது. கடைசியில் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கிண்ணம் கிடைத்தால் ஜெறோம் தொடர்ந்து விளையாடலாம், திலானி வாயே திறக்கமாட்டார். கிடைக்காவிட்டால் அடுத்த வருடத்திலிருந்து பந்தை வைத்துவிட்டுப் பாட்டுப் புத்தகத்தை எடுக்கவேண்டும். வீட்டில் அதற்குப் பிறகு சமாதானம் நிலவியது, எனக்குத்தான் நிலவவில்லை. அரையிறுதி நாளன்று நான் ஜெறோமின் காரில் ஏறும்போது திலானி வந்து கண்ணாடியைத் தட்டினார்: "அன்ரி, நான் உங்களை ஒண்டும் கேக்கேல்லை. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கோ, மிச்சத்தை மாதா பாத்துக்கொள்ளுவா."

ஆறுதல்

அரையிறுதியில் கடைசிச் சுற்று, இரண்டு பக்கமும் சமன். இரண்டாம் பேஸில் கார்த்திக். அணிக்குப் பந்து எறிகிற பிட்சர் ஓங்கி ஒரு அடி அடித்தார். பந்து எல்லோருக்கும் மேலாகப் போய் முட்புதருக்குள் விழுந்தது. தடுப்பாளர் முட்செடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கார்த்திக் தேநீர் குடித்துக்கொண்டே வந்திருந்தாலும் வெற்றி. மூன்றாம் பேஸ் பக்கத்தில் நின்று ஓட்டக்காரருக்கு வழிகாட்டிய ஜெறோம் இரண்டு கையாலும் தணித்துக் காட்டி, "ஆறுதலா! ஆறுதலா வாடா தம்பி!" என்றார்.

யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் ஆறுதலாக வா என்றால் அவசரமில்லை, மெதுவாக வா என்று பொருள். கோயம்புத்தூரில் ஆறுதல் துக்கவீட்டில் சொல்வது. கார்த்திக்குக்கு எல்லாம் விளங்கிவிட்டது: புதருக்குப் பக்கத்தில் யாரோ பந்தைப் பிடித்து இரண்டாம் பேஸுக்கு எறிந்துவிட்டார்கள், தான் அவுட், நல்ல மனிதரான ஜெறோம் தேற்றுகிறார். தலையைக் குனிந்து, பாதையை விட்டு விலகி, கையுறையைக் கழற்றியபடி அணி உட்காரும் வாங்குப் பலகையை நோக்கி நடந்தார். அணி முழுதும் அலறியது. இரண்டு கால்களும் வாங்குக்குப் பின்னால் போனபிறகு நான் என்ன செய்ய? ஓட்டத்தைக் கைவிட்டவர் அவுட். நல்லகாலம், அது இரண்டாவது அவுட்தான், மூன்று போனால்தான் முறை முடியும். அடுத்தவர் அடித்த அடியில் பிட்சர் ஓடிவந்து வெற்றி ஓட்டத்தைச் சேர்த்துவிட்டார்.

என் கணவர் போனபோது எத்தனையோ பேர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். ஆறுதலாக வா என்று சொல்லத்தான் பிறகு ஆளில்லை. ஒரே சொல். அதை நினைத்துக்கொண்டு நின்ற எனக்குப் பக்கத்தில், வெற்றிக் கூச்சலுக்கு நடுவே, கார்த்திக் ஜெறோமின் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்: "அண்ணா, எங்க ஊர்ல ஆறுதல் சொன்னா ஆள் போயிட்டான்னு அர்த்தம்ணா!"

யாருடைய ஆள்

இறுதி ஆட்டத்துக்கு நடுநிலையான அம்பயர் வேண்டும் என்றது லீக். நான் ஜெறோமின் பக்கத்து வீடு, ஜெறோமின் காரில் வந்து போகிறவள். ஆகவே விலகிக்கொள்கிறேன் என்று பிரையனிடம் சொன்னேன். சொல்லும்போது ஒரு பெரிய பாரம் இறங்கியதுபோல் இருந்தது. அந்த நிம்மதி பிரையன் எதிரணித் தலைவரைக் கூப்பிட்டு விசாரிக்கும் வரைக்கும் நீடித்தது. சிவப்புத் தாடிக்காரர், பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவர். என்னை ஒருமுறை பார்த்தார், தூரத்தில் மட்டையைச் சுழற்றிக்கொண்டிருந்த ஜெறோமை ஒருமுறை பார்த்தார்: "இவர்தான் வேண்டும். அந்த மனிதரை நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவுட்டாக்கியதைவிட இவர் அதிகம் ஆக்கியிருக்கிறார்."

கையை விரித்தல்

இறுதி ஆட்டத்துக்குத் திலானி வந்தார், பாடகர் குழுவில் பாதியையும் கூட்டிக்கொண்டு. மடக்குக் கதிரைகள், குடைகள், ஒரு பெரிய சட்டியில் பொரித்த ரோல்ஸ். தங்கள் ஆண்குரலை முறைப்படி பொறுப்பேற்க வந்தவர்கள்போல வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒருவருக்கும் ஆட்டம் தெரியாது, ஆனால் ஓடுகிறவர்கள் எங்கள் பிள்ளைகள் என்பது தெரியும். விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹவுன்ஸ்லோவில் மைதானம் என்றால் தலைக்கு மேலே விமானம் போய்க்கொண்டே இருக்கும், அம்பயரின் குரல் யாருக்கும் கேட்காது, கையால்தான் சொல்லவேண்டும். அவுட் என்றால் கை முஷ்டியை மடக்கி உயர்த்துவேன். சேஃப், அதாவது ஆள் பிழைத்தார் என்றால் இரண்டு கையையும் அகல விரிப்பேன்.

ஜெறோமின் ஆள் ஒருவர் அழகாக ஓடி இரண்டாம் பேஸைத் தொட்டார். கையை விரித்தேன். மடக்குக் கதிரைகளிலிருந்து "ஐயோ" என்று ஒரு ஓலம், சுருதி பிசகாமல் எழுந்தது. அடுத்தவர் பரிதாபமாக அவுட். முஷ்டியை உயர்த்தினேன். பலத்த கரவொலி. இப்படியே தங்கள் அணி பிழைத்தபோதெல்லாம் அழுது, செத்தபோதெல்லாம் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். சுற்று முடிந்து தண்ணீர் குடிக்கப் போனபோது குழுவில் மூத்தவர் என் கையைப் பிடித்துக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏன் பிள்ளை, டொக்டர் கையை விரிச்சா ஆள் முடிஞ்சுது எண்டுதானே கருத்து, நீர் விரிச்சா மட்டும் ஏன் உவங்கள் துள்ளுறாங்கள்?"

காலும் பந்தும்

கடைசிச் சுற்று. ஜெறோமின் அணி ஒரு ஓட்டம் பின்னால். இரண்டு பேர் அவுட். மூன்றாம் பேஸில் கார்த்திக், மட்டையோடு ஜெறோம். அவர் முதலாம் பேஸுக்குப் போய்ச் சேர்ந்தால் கார்த்திக்கின் ஓட்டம் கணக்கில் வரும், ஆட்டம் சமன், உயிர் மிச்சம். பந்து முந்தினால் எல்லாம் முடிந்தது: கிண்ணம் தாடிக்காரருக்கு, ஜெறோம் திலானிக்கு. முதலாம் பேஸில் தீர்ப்பு என்னுடையது.

அடித்தார். தரையோடு உருண்ட பந்தைத் தடுப்பாளர் ஒருமுறை தவறவிட்டு மறுபடி பொறுக்கினார். ஜெறோம் ஓடினார். வாரம் முழுக்க ஊராரின் பெட்டிகளைத் தூக்கிய முழங்கால்கள் அவை, ஆனாலும் ஓடின. கதிரை ஒன்று கவிழ்கிற சத்தம். அதன் பின்னாலே ஒரு குரல், பூசையில் எல்லோருக்கும் மேலே எழும்புகிற அதே குரல்: "ஓடுங்கோ! ஐயோ ஓடுங்கோப்பா!" திலானிதான். எந்தப் பக்கத்துக்காக வந்தோம் என்பதை அவர் அந்தக் கணத்தில் மறந்தே போனார்.

முதலாம் பேஸில் பந்தையும் காலையும் ஒன்றாகப் பார்க்க எந்தக் கண்ணாலும் முடியாது. கண்ணைக் காலில் வைத்து, காதைக் கையுறையில் வைக்கவேண்டும். பந்து கையுறைத் தோலில் விழுகிற சத்தம் ஒன்று, கால் பேஸில் படுவது ஒன்று. ஒரு குறிலுக்கும் அடுத்த குறிலுக்கும் இடையே இருக்கும் அவ்வளவுதான் நேரம். வாழ்நாள் முழுக்க வரிகளை வாய்க்குள் சொல்லிப் பார்த்த காது எனக்கு. அது அன்றைக்குப் பொய் சொல்லியிருக்கக்கூடாதா என்று இருந்தது. முதலில் தோல். பிறகு கால்.

முஷ்டியை உயர்த்தினேன். தாடிக்காரரின் ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். ஜெறோம் பேஸைத் தாண்டிப் புல்லில் முகம் குப்புறக் கிடந்தார். எனக்கு அவரைப் பார்க்க நேரமில்லை, ஏனென்றால் திலானி குடையோடு மைதானத்துக்குள் இறங்கி, வெள்ளைக்கோடுகளை எல்லாம் மிதித்துக்கொண்டு, என் மூக்குக்கு நேரே வந்து நின்றார். "அன்ரி! உங்களுக்குக் கண் தெரியேல்லையோ? அவர்தான் முதல் தொட்டவர், நான் பாத்தனான்! இது அநியாயம், நான் விடமாட்டன்!" பிரையன் வந்து சமாதானம் சொன்னார், அவருக்கும் கிடைத்தது. உங்களுக்குத்தானே வெற்றி, இனி அவருடைய ஞாயிறெல்லாம் உங்களுக்குத்தானே என்று நான் நினைவூட்டப் பார்த்தேன். "அது வேற, இது வேற!" என்று குடையை நிலத்தில் குத்தினார். அப்போது புல்லுக்குள்ளிருந்து ஜெறோம் மெதுவாகத் தலையைத் தூக்கினார். உதட்டில் கோட்டுச் சுண்ணாம்பு, கண்ணில் தண்ணீர், அது அழுகையாலா சிரிப்பாலா என்று எனக்குத் தெரியவில்லை. மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "அவுட்தானப்பா. கத்தாதை, பாட்டுக்குத் தொண்டை வேணும்."

அம்பயர் வேலை என்பது வேறொன்றுமில்லை, என் இனத்தவர்களே: ஒரு மனிதனின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லிவிட்டு, அவனுடைய காரிலேயே வீட்டுக்குப் போவது.