அவர் ஏறாத குன்று

இரண்டு வருடங்களுக்கு முன்பு நானும் கணவரும் சிட்னியிலிருந்து பெரு நாட்டுக்குப் போயிருந்தோம். அங்கே, மிக உயரமான மலைப்பகுதியில், ஓர் ஏரிக்கரையில் சிலுஸ்தானி என்ற இடம் இருக்கிறது. பல நூறு வருடங்களுக்கு முன் அங்கு வாழ்ந்தவர்கள் தங்கள் குலத்துப் பெரியவர்களை அடக்கம் செய்ய எழுப்பிய கல் கோபுரங்கள் அங்குள்ள குன்றின்மேல் நிற்கின்றன.

அவற்றைப் பார்க்கும் ஆசை என்னுடையதல்ல. அவர் கட்டடப் பொறியியலாளர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சிட்னியின் ஹோம்புஷ் பகுதியில் சின்ன ஃபிளாட்டில் குடியிருந்த காலத்திலேயே, நூலகப் புத்தகமொன்றில் அந்தக் கோபுரங்களின் படத்தைக் காட்டினார். "இஞ்ச பாரும், அடி ஒடுக்கம், மேல அகலம். சாந்து ஒண்டும் இல்லை, கல்லைச் செதுக்கியே பொருத்தியிருக்கினம். ஒருக்காப் போய்க் கையால தொட்டுப் பாக்கவேணும்."

போவோம் என்றேன். பிறகு வீட்டுக் கடன் வந்தது. மகளின் எச்எஸ்சி பரீட்சை, அது முடிய மகனுடையது. பிறகு மாமியின் நோய். "அடுத்த வருசம் பாப்பம்" என்று ஒவ்வொரு முறையும் சொன்னது பெரும்பாலும் நான்தான். அவரும் வற்புறுத்தவில்லை. கடைசியில் அவர் ஓய்வு பெற்ற பிறகுதான் டிக்கெட் போட்டோம்.

உயரத்துக்குப் பழகட்டும் என்று ஏரிப்பக்க ஊரில் தங்கி, கோக்கா இலைத் தேநீரைக் குடித்துக்கொண்டு கிடந்தோம். கொஞ்சம் தலையிடி என்றார். எனக்கும் இருந்ததால் பெரிதாக எடுக்கவில்லை. சிலுஸ்தானிக்குப் போய் வான் வண்டியை விட்டு இறங்கி, குன்றுப் பாதையில் கொஞ்சம் நடந்ததுமே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"மூச்சு வாங்குது. நீர் போய்ப் பாத்திட்டு வாரும். நான் ஆறுதலா வாறன்."

"வேண்டாம், நானும் இருக்கிறன்."

"இவ்வளவு தூரம் வந்து ஆராவது ஒராள் பாக்கத்தானே வேணும்!" சிரித்துக்கொண்டே கமராவைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார்.

வழிகாட்டிப் பெண்ணோடு ஏறினேன். மேலே காற்று முகத்தை அறுத்தது. கீழே கருநீல ஏரி. ஆள் உயரத்தைப் போல பல மடங்கு உயரமான கோபுரங்கள், அடியில் கிழக்கைப் பார்த்து ஒரு சின்ன வாசல். தவழ்ந்துதான் உள்ளே போகலாம். இறந்தவரைக் கருவில் கிடக்கும் பிள்ளையைப் போல முழங்காலை மடித்து, சாப்பாடும் வைத்து, உள்ளே இருத்துவார்களாம். கல் பொருத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். நகம்கூட நுழையவில்லை. அவருக்குக் காட்ட வேண்டுமே என்று ஒவ்வொரு பக்கமாகச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தேன்.

வழிகாட்டியின் ஃபோன் அடித்தது. கீழிருந்து எங்கள் வண்டிச் சாரதி. அவள் முகம் மாறியதைப் பார்த்ததும் ஓடத் தொடங்கினேன். அந்த உயரத்தில் ஓடவும் முடியாது. நெஞ்சு வெடிப்பது போல இருந்தது.

கம்பளித் தொப்பி விற்கும் ஒரு பெண், விற்க வைத்திருந்த போர்வைகளை நிலத்தில் விரித்து, அவரைச் சரித்து, தலையைத் தன் மடியில் தாங்கியிருந்தாள். அவர் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. அந்தப் பெண் அவர் கைகளைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். சாரதி ஒக்சிசன் சிலிண்டரோடு ஓடி வந்தான். அவர் மெல்லக் கண்ணைத் திறந்து கேட்டார்:

"கையால தொட்டனீரா?"

"ஓம்" என்றேன்.

அவரை வான் வண்டியில் ஏற்றியபோது அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவள் தன் சால்வையால் என் முகத்தைத் துடைத்து ஏதோ சொன்னாள். "நிற்காமல் போகச் சொல்கிறாள்" என்றாள் வழிகாட்டி. அந்தத் தொப்பிக்காரப் பெண்ணின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

உயரம் ஒத்துக்கொள்ளாமல் அவர் நுரையீரலில் நீர் கட்டியிருந்தது. உடனே உயரம் குறைந்த இடத்துக்கு இறக்கியதால் பிழைத்தார். இனி அந்த மாதிரி உயரத்துக்குப் போகவே கூடாது என்று சிட்னி டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இப்போது யாராவது வீட்டுக்கு வந்தால் டிவியில் அந்தப் படங்களைப் போடுவார். "இவவைக் கேளுங்கோ, இவதான் கிட்டப் போய்ப் பாத்தவ" என்பார். குரலில் ஒரு துளி குறை இருக்காது. நான் சொல்வேன். எத்தனை தரம் சொன்னாலும் புதிதாகக் கேட்பவர் போல என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். நாற்பது வயதில் அந்தக் குன்றை அவர் ஒரே மூச்சில் ஏறியிருப்பார் என்ற நினைப்பு அப்போதெல்லாம் எனக்கு வந்துவிடும்.