அடுத்த வீட்டுக் கல்யாணப் பேச்சில் நான் சொன்ன தீர்ப்பு

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது ஒரு கேள்வி கேட்டால், அது என்னிடம் கேட்கப்பட்டதா என்றுகூடப் பார்க்காமல் பதில் சொல்லிவிடுவேன். இருபத்தைந்து வருடம் சரித்திரம் படிப்பித்ததால் வந்தது. வகுப்பறையில் இதனால் பெரிய சேதம் இல்லை. பிள்ளைகள் காதில் வாங்குவதில்லை. சேதம் நடந்தது நான்கு வருடங்களுக்கு முன், கல்முனையில், எங்கள் அடுத்த வீட்டு முன்ஹோலில்.

நாங்கள் மெதடிஸ்த சபைக்காரர். நான் தேவாலயத்துக்குப் போவது கிறிஸ்மசுக்கும் செத்த வீடுகளுக்கும்தான். ஆனாலும் நான் கிறிஸ்தவன் இல்லை என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பிறகு தேவைப்படும்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு முஸ்லிம் குடும்பம். அவர் இரும்புக்கடை வைத்திருக்கிறார். அவருடைய மனைவி ஒரு காலத்தில் எங்கள் தேவாலயப் பாட்டுக்குழுவில் எனக்கு முன்வரிசையில் நின்று பாடியவர். இருபது வயதில் இஸ்லாத்தை ஏற்று அவரை மணந்தார். பெற்ற வீடு கதவைச் சாத்திக்கொண்டது. எங்கள் தெருவில் இருந்த ஒரு முஸ்லிம் பெண்மணி, "இவ என்ட மகள்" என்று சொல்லி அவரைத் தன்னுடைய குடியில் சேர்த்துக்கொண்டார்.

எங்கள் கரையில் குடி என்பது தாய்வழியாக வரும் வம்சப் பெயர். தமிழருக்கும் உண்டு, முஸ்லிம்களுக்கும் உண்டு. ஒரே குடிக்குள் மணம் முடிப்பதில்லை என்பதால் கல்யாணப் பேச்சில் அதைக் கேட்பார்கள். அந்தப் பெண்மணி செய்ததைப் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார்மாரும் மறுக்கவில்லை. அதன்பிறகு முப்பது வருடம் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வாத்தியாரான என்னை ஊரார் "சேர்" என்பார்கள். எல்லாமே மாறியிருந்தும் மதம் மாறி வந்த அவர் மட்டும் பாட்டுக்குழுக் காலத்தைப் போலவே "அண்ணன்" என்றுதான் கூப்பிட்டு வந்தார். நோன்பு மாதம் முழுவதும் மதிலுக்கு மேலால் ஒரு சின்ன வாளியில் கஞ்சி வரும்.

அவர்களுடைய ஒரே மகளுக்குச் சம்மாந்துறையிலிருந்து மாப்பிள்ளை பேசி வந்தார்கள். பையனும் பிள்ளையும் ஒன்றாக ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் படித்தவர்கள். இரண்டு பேருக்கும் விருப்பம். பேச்சு ஒரு சம்பிரதாயம்தான். "நீங்களும் வந்து இரிங்க சேர், படிச்ச ஆள் ஒருத்தர் இருந்தா ஒரு மதிப்பு" என்று அடுத்த வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார். அதாவது, ஹோலில் போட்ட நல்ல ஒரு கதிரையைப் போல வாய் திறக்காமல் இருந்தால் போதும். என்னால் அது முடியவில்லை.

தேநீரும் தொதல் இனிப்பும் வந்தன. மாப்பிள்ளையின் மாமா, நெல் ஆலை வைத்திருப்பவர், சிரித்தபடி கேட்டார்: "மகள்ட உம்மா என்ன குடி?"

வீட்டுக்காரர் குடியின் பெயரைச் சொன்னார்.

"அல்ஹம்துலில்லாஹ், நாங்க வேற குடி. ஒரு தடையும் இல்ல" என்றார் மாமா. அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

நான் அந்தக் கிழமைதான் கிழக்கிலங்கைக் குடிமுறை பற்றி ஒரு தடித்த நூலை வாசித்து முடித்திருந்தேன். பாராட்டத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. "இதில ஒரு அருமையான விசயம் இருக்கு. இவ எங்கட ஆள். சேர்ச்சில பாட்டுப் படிச்சவ. மதம் மாறி வந்த பிள்ளைய இந்தத் தெரு தங்கட குடியிலயே சேத்துக்கிட்டது. எவ்வளவு பெரிய மனசு பாருங்க!"

மாமா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எங்களுக்கு இது சொல்லல்லயே" என்றார் மாமா.

"நீங்க கேக்கல்லயே காக்கா. அவ இந்த ஊர் முஸ்லிம், என்ட பொஞ்சாதி. வேற என்னத்தச் சொல்ற?" என்றார் வீட்டுக்காரர், அண்ணன் என்ற மரியாதை குறையாமல்.

மாமா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "சேர், நீங்க படிச்ச மனிசன். அப்ப இந்தப் புள்ளைக்குக் குடி இல்லயா?"

அந்த இடத்தில் ஒரு மெதடிஸ்தன் சொல்ல வேண்டிய பதில் ஒன்றே ஒன்றுதான்: "எனக்குத் தெரியாது, அது உங்கட விசயம்." இருபத்தைந்து வருடத்தில் அந்த இரண்டு சொல்லை, "எனக்குத் தெரியாது" என்பதை, நான் பழகவே இல்லை.

"முறையாப் பாத்தா, முஸ்லிம் குடி இல்லத்தான்" என்றேன்.

உள்ளறைத் திரைக்குப் பின்னால் பெண்கள் இருந்தார்கள். அங்கே ஒரு வளையல் அசைந்த சத்தம் கேட்டது.

மாமா கெட்டவர் இல்லை. எழும்பும்போது, "மார்க்கத்துல இதுக்கு ஒண்டும் இல்ல. வீட்டுப் பொம்புளையளோட ஒருக்காக் கதைச்சிட்டு வாறம்" என்றுதான் சொன்னார். வரவில்லை.

இரண்டு கிழமை கழித்து மன்னிப்புக் கேட்கப் போனேன். பிள்ளையின் தாய் வாசலில் நின்று முழுவதையும் கேட்டார். நான் தயார்பண்ணிக்கொண்டு போன வசனங்கள் எல்லாம் முடிந்தபிறகு மெல்லச் சொன்னார்:

"பெத்த வீடு என்னய இல்லெண்டு சொன்ன நேரம், இந்தத் தெரு 'நீ எங்கட புள்ள'யெண்டு சொன்ன. முப்பது வருசமா நான் ஆரெண்டு ஒருத்தரும் கேக்கல்ல. நீங்கதான் வந்து சொல்லிக் குடுத்தீங்க, சேர்."

அண்ணன் இல்லை, சேர். அந்த ஒரு சொல்லோடு வீட்டுக்கு வந்தேன்.

அந்த வருடம் நோன்பு மாதத்தில் கஞ்சி வரவில்லை. பின்னேரம், கஞ்சி வரும் நேரத்தில், அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டதும் நான் ஏதோ செடிக்குத் தண்ணீர் ஊற்றுபவனைப் போல மதிலடியில் நின்றேன். அங்கே செடி எதுவும் இல்லை.

அந்தப் பிள்ளை இப்போது அக்கரைப்பற்றில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறாள். வேறு இரண்டு மூன்று பேச்சு வந்ததாம். இப்போதைக்கு வேண்டாம் என்கிறாளாம். வழியில் கண்டால் மரியாதையாகச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்புக்குப் பதிலாக அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

கிறிஸ்மசுக்கும் செத்த வீட்டுக்கும் மட்டும் தேவாலயம் போகிற என்னை யாரும் கணக்குப் பார்த்ததில்லை. ஐந்து நேரமும் தொழுகிற ஒரு பெண்ணை, அவருடைய சொந்த வீட்டில், அவருடைய தேநீரைக் குடித்துக்கொண்டே நான் வெளியே நிறுத்திவிட்டேன். இன்றைக்கும் யாராவது என்னிடம் "நீங்க படிச்ச மனிசன்" என்று ஆரம்பித்தால் எனக்கு அந்த வளையல் சத்தம்தான் கேட்கிறது.

போன நோன்பில் ஒரு நாள் மதிலுக்கு மேலால் வாளி வந்தது. "சூடா இரிக்கு சேர், பாத்துப் பிடிங்க" என்றார் பிள்ளையின் தாய். இன்னும் சேர்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாளியைக் குசினிக்குள் கொண்டுபோய் வைத்து, இந்த மனிதர்களின் மன்னிப்பைப் பற்றி என் மனைவிக்கு ஒரு சின்ன விளக்கம் கொடுக்கத் தொடங்கினேன்.

அவள் கோப்பையை என் முன்னால் வைத்தாள். "இஞ்சேருங்க, வாயக் கஞ்சிக்கு மட்டும் திறங்க."