அழகு நிலையத்தில் சாவுக் கதை

அந்த அழகு நிலையத்தில் புருவம் திருத்துகிறவளை எல்லோரும் ‘துக்கச்செய்தி அக்கா’ என்றுதான் சொல்வார்கள், அவள் காதுக்கு எட்டாத தூரத்தில். தங்கமான மனுஷி. எறும்பைக்கூட நசுக்க மாட்டாள். ஆனால் ஊரில் யார் எப்படிச் செத்தார்கள் என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்வாள். கதை சூடான கட்டத்துக்கு வந்ததும் நூலை வாயிலிருந்து எடுத்துவிடுவாள். ஒரு புருவம் வில்லாகவும் மறு புருவம் புதராகவும் இருக்கும்போது எந்தப் பெண் எழுந்து ஓட முடியும்?

“சாதாரணத் தலைவலின்னுதான் நெனச்சாராம். மாத்திரையப் போட்டுட்டுப் படுத்தவரு…”

“ஐயோ, வேணாம்க்கா, கேக்கவே முடியல!” என்று காதைப் பொத்திக்கொள்வார்கள், விரல்களுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டு. “அப்புறம்?”

ஒருநாள் முதலாளியம்மா தடை போட்டார்.

“இங்க வர்றவங்க அழகாகணும்னு வர்றாங்க. நீ அவங்கள உயில் எழுத வெச்சு அனுப்புற. இனிமே வாயத் திறக்கக் கூடாது.”

அவளும் மூடிக்கொண்டாள். கடையில் மெல்லிய இசை தவழ்ந்தது. அந்த மாதமே கூட்டம் பாதியாகக் குறைந்தது. “என்னவோ, முன்ன மாதிரி இல்லீங்க” என்று நாசூக்காகச் சொல்லிவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். முதலாளியம்மா பெருந்தன்மையோடு, தான் போட்ட தடையை மறந்துபோனார்.

துக்கச்செய்தி அக்காவின் கணவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். ஒரு மத்தியானம், துணிக்கடை ஒன்றில் லிஃப்டின் தலைமேல் நின்று வேலை செய்தபோது கால் வழுக்கிக் குழிக்குள் விழுந்துவிட்டான். அழகு நிலையத்துக்குப் போன் வந்தது. ‘விழுந்துட்டார்’ என்ற சொல்லுக்குப் பிறகு அவளுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. மற்ற நாட்களில் அந்தச் சொல்லுக்கு அப்புறம்தான் அவள் கதையே களைகட்டும்.

உயிருக்கு ஆபத்தில்லை, தொடை எலும்புதான் முறிந்திருந்தது. வாடிக்கைப் பெண்கள் பழங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கை பழத்தை நீட்டியது, கண் அவன் தொடைக் கட்டுக்குத் தாவியது.

“எலும்பு வெளிய வந்துடுச்சாமே, நெசமா?”

“விழுறப்ப உங்க பேரச் சொல்லிக் கத்தினாராமே?”

“பொழைக்க மாட்டார்னு டாக்டர் சொன்னாரா இல்லையா, சும்மா சொல்லுக்கா.”

அவள் பழங்களை வாங்கி ஓரமாக வைத்தாள். இவர்களுக்கு இந்த ருசியைக் காட்டிய புண்ணியவதி யார் என்று யோசித்தாள். அதிக நேரம் யோசிக்கத் தேவைப்படவில்லை.

“எல்லாம் நல்லாயிருக்கு. கிளம்புங்க” என்று கதவைக் காட்டினாள். “ரொம்பத்தான் அலட்டிக்கிறா” என்று முணுமுணுத்தபடி போனார்கள்.

ஆனால் கட்டிலில் கிடந்தவன் லேசுப்பட்டவன் இல்லை. பக்கத்துக் கட்டில்காரரிடம் தானே ஆரம்பித்தான். முதல்நாள் இரண்டாம் மாடியிலிருந்து விழுந்தவன், வீடு திரும்பும் நாளில் நாலாம் மாடிக்கு ஏறியிருந்தான்.

“ஏங்க, இப்படிப் புளுகுறீங்களே!”

“நீ சொல்றதெல்லாம் என்ன, கோர்ட்டு சாட்சியா?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது அழுகையாகிப் போனது. பக்கத்துக் கட்டில்காரர் அதையும் கண் கொட்டாமல் பார்த்தார்.

வேலைக்குத் திரும்பிய பிறகு கொஞ்ச நாள் அவள் சாவுக் கதை எதையும் எடுக்கவில்லை. ஒருநாள் டீச்சர் ஒருத்தி வந்து நாற்காலியில் சாய்ந்தாள்.

“அண்ணன் எப்படி இருக்கார்?”

“நடக்க ஆரம்பிச்சுட்டார்.”

டீச்சரின் முகம் தொங்கிப்போனது. சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானே தொடங்கினாள். “எங்க பக்கத்து வீட்டுக்காரர் நேத்து சாப்பிட்டுட்டே இருந்தாராம்க்கா, அப்படியே…”

“அவர் சம்சாரம் கூட இருந்தாங்களா?”

அப்படியொரு கேள்வியை அவள் அதுவரை யாரிடமும் கேட்டதில்லை.

“அதுவா முக்கியம்?” டீச்சர் எரிச்சலானாள். “எப்படிப் போனார்னு கேளுக்கா.”

அவள் கேட்டாள். தெரிந்துகொள்ளாமல் ராத்திரி எப்படித் தூங்குவது?