முத்து கோக்காத அம்மை

ஐம்பதுகளின் கடைசியில், தாடிக்கொம்புக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த கிராமத்தில் எனக்கு அம்மை போட்டது. வீட்டில் அப்படித்தான் சொன்னார்கள். எனக்கு எட்டு வயது. உடம்பு கொதித்தது, மார்பிலும் வயிற்றிலும் சிவப்புத் தடிப்புகள் கிளம்பின. அம்மா தாளிப்பதை நிறுத்தினாள். பாயைச் சுற்றி வேப்பிலை பரப்பினாள். அதுவரை என்னை ‘ஏலே’ என்று கூப்பிட்டவள் கைகூப்பி நின்று, “ஆத்தா, ரெண்டு வாய் கூழு குடிக்கிறியா?” என்று கேட்டாள். காய்ச்சலிலும் அந்தப் பதவி உயர்வு எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு பிதற்ற ஆரம்பித்தேன். அதை ஆத்தாவின் வாக்கு என்று அம்மா எடுத்துக்கொண்டாள். அம்மாவின் தம்பியான மாமா மட்டும் தடிப்புகளை உற்றுப் பார்த்தார்.

“முத்து எங்க, அக்கா? இந்நேரம் நீர் கோத்திருக்கணும்ல?”

“அவ இஷ்டத்துக்குத்தான் எறங்குவா.”

“ஆஸ்பத்திரியில ஒருக்கா காட்டிட்டு வந்துரலாம்.”

“ஊசி போட்டா கோவிச்சுக்கிட்டு இவனையும் கூட்டிட்டுப் போயிருவா. வாய மூடு.”

மறுநாள் மாமா, திண்டுக்கல் மாரியம்மன் கோயிலில் தீர்த்தம் தெளித்துக் கூட்டிவருவதாகச் சொல்லி வண்டி கட்டினார். ஏற்றிய விளக்கை விட்டு வர முடியாது என்று அம்மா வீட்டிலேயே இருந்துவிட்டாள். வண்டி கோயில் வாசலில் நின்றது உண்மை. அங்கிருந்து நேரே ஒரு டாக்டர் வீட்டுக்குப் போனதும் உண்மை.

டாக்டர் என் அரைஞாண் கயிற்றைத் தூக்கிப் பார்த்தார். அதன் அடியில் பீடி சுட்டதுபோல் கறுப்பாக ஒரு பொருக்கு இருந்தது. வலிக்காததால் யாரும் கவனித்திருக்கவில்லை.

“மலைப்பக்கம் போனானா?”

மாமா ஆமென்று தலையாட்டினார். வாழைத்தோப்பைக் குத்தகைக்குப் பார்க்க என்னைச் சிறுமலைக்குக் கூட்டிப்போய், புல்லில் தூங்கவிட்டவர் அவர்தான்.

“புதர்ல இருக்கற பூச்சி கடிச்சிருக்கு. கண்ணுக்குத் தெரியாது. இது டைபஸ் காய்ச்சல், அம்மை இல்ல. மாத்திரைய விடாம குடுத்தா பொழைச்சுக்குவான். நடுவுல நிறுத்தினா சொல்ல முடியாது.”

வீட்டில் மாத்திரை கொடுக்க வழியில்லை. மாமா வேளாவேளைக்குச் சைக்கிளில் வந்து, வாழைப்பழத் துண்டுக்குள் அதைச் செருகி ஊட்டினார். “கடிக்காத அப்பு, அப்படியே முழுங்கு. உங்கம்மாகிட்ட மூச்சு விடக்கூடாது.” விடவில்லை. அவர் வரும்போதெல்லாம், என்னை விட்டு நகராத அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போய்விடுவாள். எனக்கு அது வசதியாக இருந்தது.

ஒருநாள் மதியம் சைக்கிள் பஞ்சராகி மாமா தாமதமாக வந்தார். அம்மா தெருவுக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

“ஏன்டா இம்புட்டு நேரம்? ஆத்தாளுக்குப் பழம் குடுக்க வேணாமா?”

சொல்லிவிட்டு, நிறைந்திருந்த குடத்தை முற்றத்தில் கவிழ்த்துவிட்டுக் கிணற்றுக்குப் போனாள். ஒரு வாழைப்பழத்துக்காக அம்மா ஏன் அழுதிருந்தாள் என்பது எனக்கு விளங்கவில்லை.